வீட்டைவிட உயரமான தெரு

தெருவில் புதிதாகத் தார் போடுவதற்கு முன் பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். புதிய சாலையின் மட்டம் பழைய சாலையின் மட்டத்தைத் தாண்டக் கூடாது. இருபுறமும் உள்ள வீடுகளுக்குள் மழைத்தண்ணீர் போகாதபடி மட்டம் காக்கப்பட வேண்டும். இது விதி. தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. கடைப்பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்பது மட்டும் அதில் இல்லை. வாழ்க்கை முழுவதும் அரசு அலுவலகத்தில் இருந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். ஒரு விதியில் முதலில் தேடிப் பார்க்க வேண்டியது அதில் என்ன இல்லை என்பதைத்தான்.

தச்சநல்லூரில் நாங்கள் வீடு கட்டியபோது தெருவிலிருந்து படி ஏறித்தான் வாசலுக்கு வர வேண்டும். அப்போது அது செம்மண் தெரு. பிறகு ஜல்லி போட்டார்கள், தார் போட்டார்கள். குடிதண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டி, மூடி, மேலே இன்னொரு தார். சாக்கடைக்குத் தோண்டி, மூடி, மேலே இன்னொன்று. தேர்தலுக்கு முன் ஒன்று, ஜெயித்ததற்கு நன்றியாக ஒன்று. ஒவ்வொரு முறையும் நாலு விரற்கடைக்கு மேல் ஏறியிருக்காது. யாரும் கவனிக்கவில்லை. ஒரு நாள் பார்த்தால் வாசல்படிகள் எல்லாம் ரோட்டுக்குள் போய்விட்டிருந்தன. அதற்கடுத்த சாலையில் நாங்கள் வீட்டுக்குள் இறங்கிப் போக ஆரம்பித்தோம்.

முன்னறையில் என் நாற்காலி ஜன்னலோரம் இருக்கிறது. பணியில் இருந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமை அதில் உட்கார்ந்தால் தெருவில் போகிறவர்களின் முகம் தெரியும். பிறகு சட்டைப் பித்தான் தெரிந்தது. இப்போது வேட்டிக் கரையும் செருப்பும். செருப்பை வைத்து ஆளைச் சொல்லும் பழக்கம் எனக்கு ஓய்வுக்குப் பிறகு வந்தது.

எதிரே பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி விவரமானவர். தெரு ஏறும்போதெல்லாம் அவரும் கடையின் தரையை ஏற்றிவிடுவார். இரண்டாம் முறை ஏற்றியதில் கடைக் கூரை தாழ்ந்துபோய், உள்ளே வருகிறவர்கள் எல்லாரும் அவரைக் கும்பிடுகிற மாதிரி குனிந்து வருகிறார்கள். அதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

“தெரு ஏறுனா நாமளும் ஏறணும் வே. ஏறாதவன் முங்க வேண்டியதுதான்” என்பார் என்னைப் பார்த்து.

“விதிப்படி தெரு ஏறக் கூடாது அண்ணாச்சி.”

“விதியா? அது ஒமக்குத் தெரியுது. தெருவுக்குத் தெரியலையே.”

வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கும் ஆட்களையும் அழைத்துப் பார்த்தேன். வடக்கே இருந்து வந்தவர்கள், கெட்டிக்காரர்கள். சுற்றிவந்து பார்த்துவிட்டு, மேற்குச் சுவர் யாருடையது என்று கேட்டார்கள். அது எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொதுச்சுவர். பக்கத்து வீட்டுக்காரர் வெளிநாட்டில் மகனோடு இருக்கிறார். அவர் கையெழுத்து இல்லாமல் முக்கால் வீட்டைத்தான் தூக்க முடியும் என்றார்கள். நான் நன்றி சொல்லி அனுப்பிவிட்டேன்.

தாழ்ந்த வீட்டுக்குள் மழைக்காலத்தில் மட்டும்தான் தண்ணீர் வரும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். மழை வெறும் விருந்தாளி, வந்து போய்விடும். ஓதம் குடியிருக்கிறது. தெருச் சாக்கடை எங்கள் குளியலறையைவிட மேலே போய்விட்டதால், தண்ணீர் எங்கே போவதென்று தெரியாமல் தரைக்கடியிலேயே நின்றது. நின்றது சுவரில் ஏறியது. சித்திரை வெயிலில் ஊரே காய்ந்து கிடக்கும்போது எங்கள் சுவர் இடுப்புயரத்துக்கு ஈரமாக இருக்கும். சுண்ணாம்பு அப்பளம் மாதிரிப் பொரிந்து உதிரும். பீரோவை நகர்த்தினால் பின்னால் கறுப்பாகப் பூசணம், யாரோ நிழலை மறந்து விட்டுப் போனது போல. வருடந்தோறும் வெள்ளையடித்தேன். பூசணம் அதைப் புதுத்துணியாக ஏற்றுக்கொண்டது.

இந்த நிலையில்தான் என் மனைவிக்கு இருமல் வந்தது.

அவள் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். உரைநடைப் பாடத்தில் ஒரு பத்தி நீள வாக்கியம் வந்தால், எங்கும் நிற்காமல் ஒரே மூச்சில் வாசித்து முடித்துவிட்டுப் பிள்ளைகளை நிமிர்ந்து பார்ப்பாளாம். அவளிடம் படித்தவர்கள் இன்றும் கடைத்தெருவில் என்னை நிறுத்தி அதைச் சொல்கிறார்கள். கல்யாணமான நாளிலிருந்து என் வாக்கியங்களை நடுவில் நிறுத்தி வந்தவள், ஓய்வு பெற்ற பிறகு தன் வாக்கியங்களையே நடுவில் நிறுத்த ஆரம்பித்தாள். இருமல் இளைப்பாயிற்று. விடியற்காலையில் அவள் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி சத்தம் கேட்கும்.

மருத்துவர் முதலில் சாக்பீஸ் தூசி என்றார். பள்ளிக்கூடத்தை விட்டு வந்து வருடங்கள் ஆகிவிட்டன என்று சொன்னோம். வீட்டில் பூனை உண்டா என்றார். இல்லை. பிறகு வயது என்றார். அது உண்டு என்பதால் ஒப்புக்கொண்டோம். மாத்திரை கொடுத்தார், அதற்குப் பின் உறிஞ்சுகிற பம்பு, அதற்குப் பின் ஆவி பிடிக்கிற மெஷின்.

காரணத்தைக் கண்டுபிடித்தது அவளே. பாளையங்கோட்டையில் அவள் அக்கா வீடு இருக்கிறது. அக்காவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது துணைக்குப் போய் மாடியில் சில நாட்கள் தங்கினாள். திரும்பி வந்த அன்று சாயங்காலம், விளக்கேற்றிவிட்டு வந்து என் முன்னால் நின்றாள். கையில் பம்பு.

“இத நான் அக்கா வீட்டுக்கு எடுத்துட்டுப் போகவே மறந்துட்டேன்” என்றாள்.

“சொல்லியிருந்தா கொண்டாந்திருப்பேனே.”

“அதத்தான் சொல்லுதேன். தேடவே இல்ல. அங்கன இருந்தவரைக்கும் இருமலே இல்ல. இங்கன வந்து செருப்பக் கழட்டுததுக்குள்ள...” அதற்கு மேல் இருமல்.

மறுநாள் மருத்துவரிடம் போனோம். அவர் இந்த முறைதான் பேனாவை மூடி வைத்துவிட்டுப் பேசினார்.

“டீச்சர், வீட்டுல ஓதம் அடிக்குதா?”

“ஓதத்துலதான் வீடே நிக்குது.”

“பூசணத் தூசி மூச்சுல போயிப் போயி உள்ள குழாயெல்லாம் சுருங்குது. நான் மருந்து கொடுத்து விரிக்கேன், நீங்க வீட்டுக்குப் போயித் திரும்பச் சுருக்கிட்டு வாரீங்க. இப்ப இளைப்பு வருது, போகுது. இந்த ஈரத்துலயே இன்னும் ரெண்டு மழைக்காலம் இருந்தீங்கன்னா, வரும். போகாது.”

“அதுக்கு என்ன மருந்து?” என்றேன்.

“வேற வீடு.”

நான் அதைச் சீட்டில் எழுதித் தரச் சொன்னேன். எதற்கு என்றார். மனுவோடு இணைக்க என்றேன். என் மனைவி கூரையைப் பார்த்தாள்.

என் நிலைப்பாட்டை இங்கே சொல்லிவிட வேண்டும். விதி எங்கள் பக்கம் இருக்கிறது. தவறு செய்தது தெரு. தவறு செய்தவன் உயர்ந்து நிற்க, விதிப்படி இருந்தவன் வீட்டைக் காலி செய்வது எந்த நடைமுறையிலும் இல்லை. மழைக்காலத்துக்கு இன்னும் மாதங்கள் இருந்தன. அதற்குள் சாலையைச் சுரண்ட வைத்துவிட்டால், தண்ணீர் இறங்கிவிடும், சுவர் காய்ந்துவிடும், அவள் மூச்சு திரும்பிவிடும். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

மனுவை நான் ஒரே வாக்கியத்தில் எழுதுவேன். இரண்டு வாக்கியமாக எழுதினால், ஒன்றுக்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதை விட்டுவிடுவார்கள். எழுதி முடித்ததும் மனைவியிடம் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்வது வழக்கம். எங்கே நாக்கு இடறுகிறதோ அங்கே எழுத்தைத் திருத்துவேன். அன்று அவள் நாலைந்து இடத்தில் நின்றாள். எழுத்தில் குறை எதுவும் இல்லை.

“நல்லாருக்கு, அனுப்புங்க” என்றாள், பம்பைக் கையில் எடுத்துக்கொண்டே.

இப்போதெல்லாம் மனுவைக் கணினியில் போட வேண்டும். போடும்போது அது எந்த வகை என்று தேர்ந்தெடுக்கச் சொல்லும். குடிநீர், தெருவிளக்கு, கழிவுநீர், சாலை, இதர. சாலை உயர்ந்துவிட்டது என்பதற்கு அதில் வகை கிடையாது. சாதாரண ஆள் என்றால் ‘இதர’வில் போட்டிருப்பான். ‘இதர’ என்பது எந்தப் பிரிவுக்கும் சொந்தமில்லாத தாள்கள் போய்ச் சேரும் இடம் என்பது உள்ளே இருந்தவனுக்குத்தான் தெரியும். எனவே அனுபவத்தைப் பயன்படுத்தி ‘சாலை’ என்பதைத் தொட்டேன். அதற்குள் இரண்டு கிளை இருந்தன: ‘புதிய சாலை வேண்டுதல்’, ‘பழுது’. இரண்டாவதைத் தொட்டேன். ஒப்புகைச் சீட்டு உடனே வந்தது. அலுவலகத்தில் அதைப் போல வேகமானது எதுவும் இல்லை.

ஆடி மாதம் ஒரு காலை, ஜன்னலில் செருப்புகளுக்குப் பதிலாக ரோலரின் இரும்புச் சக்கரம் தெரிந்தது. வெளியே ஓடினேன். ஏறினேன் என்பதுதான் சரி. தார் புகைந்துகொண்டிருந்தது. இளவயதுப் பொறியாளர் ஒருவர், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றார். என் பெயரைச் சொன்னதும் கைகுலுக்கினார்.

“ஒங்க மனு மேலதான் சார் போடுதோம். ரோடு பழுதுன்னு போட்டிருந்தீங்கள்லா? முன்னுரிமையில எடுத்துட்டோம்.”

“மனுவைப் படிச்சீங்களா தம்பி?”

“வகை பாத்தோம் சார்.”

“பழைய தாரைச் சுரண்டிட்டுல்லா போடணும்?”

“சுரண்டுத மிஷின் மெயின் ரோட்டுக்குத்தான் சார். தெருவுக்குள்ள திரும்பாது.”

“எஸ்டிமேட்டுல சுரண்டுத வேலை இருக்கா?”

“இருக்கு சார்.”

“அப்புறம்?”

“அது எஸ்டிமேட்டுல இருக்கு சார்” என்றார், மிகுந்த மரியாதையுடன்.

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தால் நானும் வகைதான் பார்த்திருப்பேன். தாளைப் படிக்கிறவன் தாமதப்படுத்துகிறவன் என்று பெயர் எடுப்பான்.

சாயங்காலம் அண்ணாச்சி தலைமையில் தெருக்காரர்கள் வந்தார்கள். வரிசையாக எங்கள் வீட்டுக்குள் இறங்கினார்கள். தெருவுக்குச் சாலை கொண்டு வந்ததற்காக எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஒருவர் செல்போனில் படம் எடுத்தார்.

“சார்வாள் ஒருத்தர் மனு போட்டு ஒரு தெருவே உசந்துட்டுது” என்று அண்ணாச்சி பேசினார். எல்லாரும் கைதட்டினார்கள். என் மனைவி காப்பி கொண்டு வந்து கொடுத்தாள். அவர்கள் போன பிறகு பொன்னாடையை மடித்தபடி, “ஜரிகை நல்லா அடர்த்தியா இருக்கு, வாசல்ல தண்ணி வந்தா அடைக்க ஆகும்” என்றாள். ஆவணியில் பெய்த திடீர் மழையில் அதற்குத்தான் ஆயிற்று. சுமாராகவே அடைத்தது.

அந்த மழைக்கு மறுநாள் அவள் இரண்டு புடவைகளையும் ஆவி மெஷினையும் பையில் வைத்தாள்.

“நான் அக்கா வீட்டு மாடிக்குப் போறேன். நீங்களும் கிளம்புங்க.”

“நான் மேல்முறையீடு போட்டிருக்கேன். நேர்ல பாக்கப் புலத்தணிக்கைக்கு வருவாவ. அன்னைக்கு மனுதாரர் அந்த முகவரியில குடியிருக்கணும்.”

“குடியிருக்கலைன்னா?”

“பாதிக்கப்பட்டவர் இல்லைன்னு முடிச்சிருவாவ.”

“சரி, நீங்க பாதிக்கப்பட்டுட்டு வாங்க” என்றாள்.

இப்படியாக, கல்யாணமான பிறகு முதல் முறையாக நாங்கள் இரண்டு முகவரிகளில் குடியிருந்தோம். மத்தியானம் நகரப் பேருந்தைப் பிடித்துப் பாளையங்கோட்டைக்குச் சாப்பிடப் போவேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கோர்ட்டுக்குப் போகிற ஆட்களும் அடைத்துக்கொண்டு நிற்கும் பேருந்து. ஆற்றுப்பாலம் வரும்போது மட்டும் ஜன்னலோரம் இருப்பவர்கள் எல்லாரும் முகத்தை வெளியே திருப்புவார்கள், ஒரு சொட்டுக் காற்றுக்காக. பாலம் தாண்டியதும் திரும்பவும் செல்போன்.

அக்கா வீட்டு மாடி ஒன்றும் குற்றாலம் அல்ல. கீழே பேருந்துகள் நின்று நின்று போகும். ஜன்னல் கட்டையை விரலால் துடைத்தால் விரல் கறுப்பாகும். ஹாரன் சத்தத்தில் அக்காவுக்கு இரத்த அழுத்தம் உண்டு, அதற்கு அவள் மாத்திரை சாப்பிடுகிறாள். ஆனால் சுவர் காய்ந்திருந்தது. இரண்டு பக்கமும் ஜன்னல், காற்று ஒன்றில் நுழைந்து மற்றதில் போயிற்று. நகரத்தில் நல்ல காற்று என்று ஒன்று தனியாக இல்லை. யாருக்கு எந்தக் கெட்ட காற்று தாங்கும் என்பதைப் பார்த்து வீடு எடுக்க வேண்டும். அக்காவுக்குச் சத்தம் ஆகாது, என் மனைவிக்கு ஈரம் ஆகாது. அக்காவை எங்கள் வீட்டுக்கு அனுப்பலாமா என்று ஒரு முறை சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

மனைவி தேறினாள். முதலில் படிக்கட்டில் பாதியில் நின்று மூச்சு வாங்கியவள், புரட்டாசியில் காய்கறிப் பையோடு நிற்காமல் ஏறினாள். என் தட்டில் சாதம் போட்டுக்கொண்டே ஒரு முழு வாக்கியத்தில் என்னைத் திட்டினாள். எனக்கு அது ஆறுதலாக இருந்தது. நானும் சாப்பிட்டுவிட்டுத் தச்சநல்லூர் திரும்பி, பாதிக்கப்பட்டவனாக உட்கார்ந்திருந்தேன்.

தணிக்கைக்கு யாரும் வரவில்லை. நான் இரண்டு முறை அலுவலகத்துக்குப் போனேன். நான் அவர்கள் இடத்தில் இருந்தபோது சொன்ன அதே பதிலைச் சொன்னார்கள்: “அடுத்த வாரம் பாருங்க சார்.” அதே தொனி. பெருமையாகக்கூட இருந்தது.

ஓய்வூதியக்காரன் வருடத்துக்கு ஒரு முறை தான் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும். கருவூலத்தில் போய் முகத்தைக் காட்டினால் போதும். உயிரோடு இருக்கிறானா என்றுதான் பார்ப்பார்கள், மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்பதற்கு அந்தப் படிவத்தில் இடம் இல்லை. அந்த வருடம் நான் முகத்தைக் காட்டும்போது இருமினேன். எழுத்தர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டு, “உயிரோடதான் இருக்கீங்க சார், போங்க” என்றார்.

ஆமாம், இருமல் எனக்கும் வந்துவிட்டது. மனைவியிடம் சொல்லவில்லை. சாப்பிடும்போது வந்தால் மிளகாய் என்றேன். ஆனால் தெருவுக்கும் எனக்கும் நடுவே ஒரு ஜன்னல்தான் இருக்கிறது. ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில் அண்ணாச்சி அவளுக்குப் போன் செய்து, “டீச்சரம்மா, சார்வாள் இருமுத இருமல்ல எங்கடையில பருப்பு டின்னு அதிருது” என்று சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் நாற்காலியில் இருந்தேன். மழையில் ஜன்னலில் செருப்புகள் அவசரமாகப் போய்க்கொண்டிருந்தன. அதில் ஒரு ஜோடி நின்றது. நீல வார், இடது பக்கம் தைத்தது. அதை நான்தான் தைக்கக் கொடுத்து வாங்கியிருந்தேன். அவள் பையோடு இறங்கி வந்தாள். வாசலில் கிடந்த பொன்னாடையைத் தாண்டினாள். உள்ளே தரை முழுக்கக் கணுக்கால் தண்ணீர்.

“எதுக்கு வந்த? இந்த ஈரத்துல நீ இருக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்லா?”

“நீங்க இங்கன இருமிக்கிட்டுக் கெடப்பீங்க, நான் அங்கன மாடியில காத்து வாங்கிக்கிட்டு இருக்கவா?”

“தணிக்கைக்கு அடுத்த வாரம் வாராவ.”

“வரட்டும். ரெண்டு பேரும் குடியிருக்கோம்னு எழுதிக்கிடட்டும்.”

“ஏளா, சொன்னாக் கேளு. நீ கிளம்பு.”

“நீங்க கிளம்பினா நானும் கிளம்புவேன்” என்று சொல்லிவிட்டு, பையை ஈரம் படாத இடமாகப் பார்த்து மேசை மேல் வைத்தாள்.

நான் கிளம்பவில்லை. அடுத்த வாரம் என்று சொல்லியிருந்தார்களே.

விடிந்தபோது அவளால் பேச முடியவில்லை. ஆவி மெஷினுக்கு மின்சாரம் இல்லை. மழைக்காக நிறுத்தியிருந்தார்கள். பம்பு பலிக்கவில்லை. அண்ணாச்சி ஆட்டோவைக் கூப்பிட்டார். ஆட்டோ தெருவில் நின்றது. நாங்கள் கீழே நின்றோம். வாசலிலிருந்து தெருவுக்கு ஏற வேண்டும், அவ்வளவுதான். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தாள். ஒரு கால் எடுத்து வைத்தாள். பிறகு தலையை ஆட்டினாள். வாயால் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள், அது உள்ளே போகவில்லை. உதடு நிறம் மாறியிருந்தது.

என் நாற்காலியைக் கொண்டு வந்தோம். அதில் அவளை உட்கார வைத்து, நானும் அண்ணாச்சியும் ஆட்டோக்காரரும் தெருவுக்குத் தூக்கினோம். அண்ணாச்சி அதுவரை பகடி பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. “பைய, பைய” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்தார்கள். எங்கள் மருத்துவர் மத்தியானம் வந்து பார்த்தார். என்னைத் தனியே அழைத்தார்.

“ரெண்டு மழைக்காலம்னு சொன்னேன். நீங்க ஒண்ண முடிக்கப் போறீங்க. இந்தத் தடவை மூச்சு திரும்பிட்டு. அடுத்த தடவைக்கு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். அவங்க அந்த வீட்டுக்கு ஏன் போனாங்க?”

“என்னைப் பார்த்துக்க” என்றேன்.

“அப்ப யாரு காலி பண்ணணும்?” என்றார்.

கேள்வி சரியாக இருந்தது. விதியில் பதில் இல்லை என்பதால் நானே சொல்ல வேண்டியிருந்தது.

மறுநாள் வீட்டுக்குப் போய், ஈரத்துக்குத் தப்பிய சாமான்களை அட்டைப்பெட்டிகளில் கட்டி அக்கா வீட்டு மாடிக்கு அனுப்பினேன். நாற்காலி ஏற்கெனவே மேலே அண்ணாச்சி கடையில் இருந்தது. கதவைப் பூட்டி, சாவியை அவரிடம் கொடுத்தேன்.

“அப்ப மனு?” என்றார்.

“அது இங்கனயே குடியிருக்கட்டும்.”

“அடுத்த வாரம் வாராவன்னீரே வே?”

“வந்தா சாவியைக் கொடும்.”

அடுத்த வாரம் வரவில்லை. கார்த்திகை கடைசியில், மழை ஓய்ந்த பிறகு, ஒரு காலையில் அண்ணாச்சி போன் செய்தார். குரலில் ஒரே உற்சாகம்.

“வந்துட்டாவ வே! மூணு பேரு. டேப்பு புடிச்சுத் தெருவ அளக்காவ. ஒரு ஆட்டோவப் புடிச்சு ஓடி வாரும்!”

“சாவியைக் கொடுத்தீரா?”

“நீட்டுனேன். வாங்க மாட்டேங்காவ. சாவி மனுதாரர் ஆகாதாம்.”

அது சரிதான். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். சட்டையை எடுத்தேன். மனைவி கட்டிலில் சாய்ந்து ஆவி பிடித்துக்கொண்டிருந்தாள். மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு காலையில் ஒரு முறை மட்டும் போதும் என்ற நிலைக்கு வந்திருந்தாள். முகமூடிக்கு மேலே கண்கள் என்னைப் பார்த்தன. ‘போகாதீங்க’ என்று சொல்லவில்லை. நான் போனால், பேசினால், திரும்பவும் அடுத்த வாரம் என்பார்கள். அப்போது அந்த முகவரியில் யாராவது குடியிருக்க வேண்டும். நான் இருந்தால் அவள் வருவாள். இதில் நிரூபிக்க வேண்டியது எதுவும் மீதி இல்லை. சட்டையை ஆணியில் மாட்டினேன்.

“நேரமாச்சு, தோசை ஊத்தட்டுமா?” என்று அக்காவிடம் கேட்டேன். எனக்குத் தோசை ஊற்றத் தெரியாது. அது அக்காவுக்கும் தெரியும் என்பதால் கரண்டியை அவளே எடுத்துக்கொண்டாள்.

பொங்கல் கழிந்தது. கோலப்பொடி வாங்கப் போன மனைவி படியேறி வரும்போது கையில் ஒரு பழுப்பு உறை. தச்சநல்லூர் முகவரிக்கு வந்ததை அண்ணாச்சி வெளியூர் போகிற வழியில் கீழே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். என் கண்ணாடி உள்ளே இருந்தது. “நீயே வாசி” என்றேன். அவள் கோலப்பொடியைக் கீழே வைத்துவிட்டு, நின்றபடியே, பாடம் வாசிக்கிற குரலில் வாசித்தாள்:

“பார்வையில் காணும் தங்களது மேல்முறையீட்டு மனுவின் மீது புலத்தணிக்கை மேற்கொள்ளப்பட்டதில், மேற்படி தெருவில் சாலையானது மனுதாரரின் முந்தைய மனுவின் அடிப்படையிலேயே நல்ல முறையில் அமைக்கப்பட்டுப் பொதுமக்களின் பயன்பாட்டில் இருந்து வருவதும், மனுதாரரது வீடு பூட்டப்பட்டு அதில் எவரும் குடியிருக்கவில்லை என்பதும், எனவே சாலையின் மட்டத்தினால் உடல்நலம் பாதிக்கப்பட்டவர் எவரும் மேற்படி முகவரியில் இல்லை என்பதும் தெரிய வருவதால், தங்கள் மனுவின் மீது மேல்நடவடிக்கைக்கான தேவை எழவில்லை எனத் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது.”

ஒரே வாக்கியம். படியேறி வந்த காலோடு, எங்கும் நிற்காமல், ஒரே மூச்சில் முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“என்ன அப்படிப் பாக்கீங்க?”

“ஒண்ணுமில்ல. நல்லா எழுதியிருக்கான்.”

“கையெழுத்துக்கு மேல தேதி போட்டிருக்கு, கார்த்திகையிலயே எழுதியிருக்காவ. இப்பத்தான் வருது.”

எந்தத் தாள் கைக்கு வந்தாலும் அதன் மூலையில் வந்த தேதியைப் போட்டு வைப்பது என் பழைய பழக்கம். பேனாவைக் கேட்டு வாங்கி எழுதினேன். பெறப்பட்டது: தை பதினொன்று.